ரிவர்ஸ் அக்கா காட்டாத குழந்தை

எனக்குக் கால் வீங்கும். ஓவியக் கூடத்தில் அறைக் காவல் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே வீங்க ஆரம்பித்துவிட்டது. அறைக்கு ஓர் ஆள் என்று எங்களை நிறுத்தியிருப்பார்கள். யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. ஆட்கள் அறைக்குள் இருக்கும்வரை நாங்கள் உட்காரக் கூடாது. ஆட்கள் இல்லாத நேரம் என்று ஒன்று இருந்தால்தானே?

அப்படி நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த ஒரு நாள், கைடு அக்கா ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அங்கே சுவர் அகலத்துக்கு ஒரே ஒரு படம். அதற்கு எதிரில் நீளமாக ஒரு பெஞ்சு.

"இந்தப் படத்தை உட்கார்ந்துதான் பாக்கணும். எல்லாரும் பெஞ்சுல உட்காருங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க நின்னா படத்து மேல நிழல் விழுது. நீங்களும் அந்த ஓரத்துல உட்காருங்க" என்றாள்.

என் நிழல் எங்கே விழுகிறது என்று பல நாள் தேடியிருக்கிறேன். நான் நின்ற மூலையில் விளக்கே கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் அவள் இதையே சொன்னாள், நானும் ஒவ்வொரு சுற்றிலும் உட்கார்ந்தேன். விஷயம் எனக்குப் புரிவதற்கே கொஞ்ச காலம் ஆயிற்று. அதைப் பற்றி அவள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. இராத்திரி கும்பிடும்போது அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவளுக்கு எங்களுக்குள் ரிவர்ஸ் அக்கா என்று பெயர். மற்ற கைடுகள் முன்னால் நடப்பார்கள், கூட்டம் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போகும். அக்கா மட்டும் முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பாள். அந்தப் பெயரை வைத்தவர் எனக்கு அடுத்த அறையில் காவல் இருந்தவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொட்டாவி அண்ணன்.

"ஏம்மா, உனக்கு ஃபர்ஸ்ட் கியரே கிடையாதா?" என்பார் அவர்.

"உங்களுக்கு நியூட்ரலைத் தவிர வேற இருக்காண்ணே?" என்பாள் அக்கா.

கட்டடம் பழசு. அறைக்கு அறை உயரமான நிலைப்படி. பின்னால் நடக்கிறவளுக்கு அது தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. அக்கா படியை நெருங்கும்போது அந்த அறைக் காவல் தொண்டையைக் கனைக்க வேண்டும். கனைத்ததும் பேச்சை நிறுத்தாமலே குதிகாலைத் தூக்கிப் படியைத் தாண்டிவிடுவாள். வருகிறவர்களுக்கு இது தெரியாது. "இங்க வேலை பாக்கற எல்லாருக்குமே சளியா?" என்று ஒரு அம்மாள் கவலையோடு கேட்டாள். "பழைய தூசிங்கம்மா" என்றாள் அக்கா.

என் அறைப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் போகிற ஆறு. அதில் ஒரு படகு. துடுப்போடு படகோட்டி. பின்னால் ஒரு பெண், தலையோடு போர்த்திய பெரிய போர்வையோடு. "படகுல எத்தனை பேர்?" என்று அக்கா கேட்பாள். ரெண்டு பேர் என்பார்கள். "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்பாள். போர்வைக்குக் கீழே ரெண்டு பிஞ்சுப் பாதம் தெரியும். "ஐயோ, குழந்தை!" என்று யாராவது கத்துவார்கள். நின்று பார்த்தால் படத்தின் மேல் விளக்கு பளபளத்து அந்தப் பாதம் மறைந்துவிடும். ஆகவே அவர்களை உட்காரச் சொன்னது உண்மை. என்னை உட்காரச் சொன்னதுதான் பொய். அந்த 'ஐயோ' வராத சுற்று ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அக்கா சாப்பிடும்போது எப்போதும் கதவைப் பார்த்துத்தான் உட்காருவாள். வேறு யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஒரு மழை நாள், சாப்பாட்டு அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது ஏன் என்று கேட்டேன்.

"ஒருத்தர் வந்துடுவாரோன்னுதான்" என்றாள்.

அவள் புருஷன். நல்ல வேலை, நல்ல பேச்சு. "அவர் அடிச்சா சத்தம் வராது தங்கச்சி. அடிச்சுட்டுக் கதவைக்கூட மெதுவாத்தான் சாத்துவார். அக்கம்பக்கத்துல எல்லாம் தங்கமான மனுஷன்னுதான் பேர். நான் சொன்னா யாரு நம்புவா? 'நீ எங்க வேணா போய்க்கோ, பொண்ணு மட்டும் என்கிட்ட இருக்கணும்'னு ஒரு நாள் சொன்னார். சொல்லிட்டு அவ தலையைத் தடவினார் பாரு, அந்தப் பிஞ்சு அசையாம அப்படியே நின்னுச்சு. கண்ணைக்கூடச் சிமிட்டல. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

மறுநாள் பகலில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறியவள்தான். இந்த ஊரில் தையல் கடையில் காஜா எடுத்தாள். பிறகு எங்கள் கூடத்தில் தரை துடைக்க வந்தாள். துடைத்துக்கொண்டே கைடுகள் பேசுவதைக் கேட்டாள். ஒரு நாள் கைடு வராதபோது, மேனேஜர் கைபிசைந்துகொண்டு நின்ற நேரத்தில், "நான் சொல்லட்டுங்களா சார்?" என்று வாளியை ஓரமாக வைத்தாள். அன்றைக்கு வைத்த வாளியைத் திரும்ப எடுக்கவில்லை.

மகள் வளர்ந்து நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். எந்த ஹாஸ்டல் என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

"என்கிட்ட ஏங்க்கா சொல்றீங்க? எனக்குப் பொய் சொல்ல வராது. யாராவது கேட்டா உளறிடுவேன்" என்றேன்.

"எனக்கு ஏதாவது ஆனா, அவளுக்குப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல?" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கும் கதவைப் பார்த்து உட்காரும் பழக்கம் வந்துவிட்டது.

போட்டோ எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் அக்கா கையில் இருக்கும் குச்சியை முகத்துக்கு நேராகத் தூக்கிவிடுவாள். இத்தனை கவனமாக இருந்தவளை எங்கள் மேனேஜர்தான் மாட்டிவிட்டார், நல்ல எண்ணத்தோடு. விடுமுறை நாளில், ஒருவருக்கு ஒரு கைடு என்று அமைதியாகக் கூடத்தைச் சுற்றிக் காட்டும் தனிச் சுற்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்குப் பெரிய விளம்பரப் பலகை. அதில் அக்காவின் முகம், பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. பேப்பரிலும் வந்தது.

"அதை எடுத்துடுங்க சார்" என்று அக்கா கெஞ்சினாள்.

"அட, ஹீரோயின் மாதிரி வந்திருக்கீங்கம்மா! பொண்ணுகிட்டக் காட்டுங்க" என்று சிரித்தார் அவர். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்காவால் சொல்லவும் முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் சாப்பாடு பாதி அப்படியே இருக்கும். கொட்டாவி அண்ணன் அதை ஒருவிதமாகப் புரிந்துகொண்டு, "டயட்டா?" என்றார். நான் இராத்திரி இரண்டு தடவை கும்பிட ஆரம்பித்தேன்.

தனிச் சுற்று எப்படி என்றால், அன்றைக்குக் கட்டடம் முழுக்க இருட்டாக இருக்கும். வெளிச்சம் படத்துக்கு ஆகாது என்பதால் ஜன்னல்களை எல்லாம் அடைத்துத்தான் வைத்திருப்பார்கள். சுற்று எந்த அறைக்கு வருகிறதோ அங்கே மட்டும் விளக்குப் போடுவோம். அவர்கள் அடுத்த அறைக்குப் போனதும் விளக்கை அணைத்து, நடுவில் இருக்கும் கதவைச் சாத்திப் பூட்டுவோம். அவரவர் கதவுக்கு அவரவரிடம் சாவி. பாதிப் பேர்தான் வேலைக்கு வருவார்கள். சுற்று நடக்கும்போது காவலாள் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த நாள் காலையில் நான் என் அறை இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு கனைப்பு. கதவு சாத்தும் சத்தம். இன்னும் கிட்டே ஒரு கனைப்பு. வழக்கமாக இந்த நேரத்தில் அக்காவின் பேச்சும் சிரிப்பும் முன்னாலேயே வந்துவிடும். அன்றைக்குக் கனைப்பு மட்டும்தான் வந்தது.

விளக்கைப் போட்டேன். அக்கா முதுகைக் காட்டியபடி உள்ளே வந்தாள். அவளுக்கு எதிரில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஒரு மனிதர். வாரிவிட்ட தலை. சாந்தமான முகம். "வணக்கம்மா" என்று எனக்குக்கூடக் கை கூப்பினார். அவர்களுக்குப் பின்னால், வந்த கதவு பூட்டும் சத்தம் கேட்டது. அந்த அறைக் காவல் புது ஆள். பூட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

நான் வழக்கம்போல பெஞ்சு ஓரத்துக்கு நகர்ந்தேன்.

"இந்தப் படத்தை நின்னுதான் பாக்கணும்" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"படகுல யாரெல்லாம்?" என்று கேட்டார் அவர்.

"படகோட்டி. ஒரு பொம்பளை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இந்த வெள்ளத்துல ஒரு பொம்பளை தனியாவா போவா?"

"தனியாத்தான் போறா. கூட யாரும் இல்ல."

அக்கா அந்தக் குழந்தையைக் காட்டவில்லை. வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டாலும் அந்தக் குழந்தையைக் காட்டாமல் விடாதவள், இல்லை என்று சொல்கிறாள். அது அவருக்குச் சொன்ன பதில் மட்டும் இல்லை, எனக்கும் சொன்னது. வேறு எந்த மனிதருக்கும் விளங்காது. தினமும் கேட்டவளுக்கு மட்டும்தான் விளங்கும்.

அவர் சிரித்தார். "இருந்தாளே. நமக்கு ஒருத்தி இருந்தாளே. இப்ப நல்லா வளர்ந்திருப்பா இல்ல? எங்க வச்சிருக்க? சொல்லிடு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன்." கோயிலில் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த படம் அந்த அறையில" என்றாள் அக்கா.

அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். படி என் பக்கத்தில்தான். கதவும் என் பக்கத்தில்தான். அக்கா முதலில் படியைத் தாண்டுவாள், அவர் பிறகுதான் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியில் கதவைச் சாத்திவிட்டால் போதும். ஆனால் அவர் அவளுக்கு ஒரு முழம்கூட இடம் விடாமல் ஒட்டியே வந்தார். கனைக்க வேண்டும். என் தொண்டையில் எச்சில் இல்லை. கடவுளே, ஒரு கனைப்பு கொடு, வேறு எதுவும் கேட்கவில்லை என்று வேண்டினேன்.

கனைப்புக்கு முன்னால் வேறு ஒன்று வந்தது. எத்தனையோ காலமாக நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன வார்த்தை.

"சார், தொடாதீங்க!"

கத்திவிட்டேன். இந்த அதட்டலுக்கு எவ்வளவு பெரிய மனிதரும் ஒரு கணம் நின்றுவிடுவார். அவரும் நின்று, எதைத் தொட்டோம் என்று படத்தைத் திரும்பிப் பார்த்தார். எதைத் தொடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதனால் அது பொய் இல்லை.

அப்போது கனைப்பு வந்தது. அக்கா குதிகாலைத் தூக்கினாள். படியைத் தாண்டினாள். கதவை இழுத்துச் சாத்திச் சாவியைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன், நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று.

"ஏம்மா, கதவு என்ன ஆச்சு?" என்றார்.

"மூடியாச்சு சார்."

"யார் மூடினது?"

"நான்தான் சார்."

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிதானமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். உட்காராதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"ஓ" என்றார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். "கீழ ரெண்டு கால் தெரியுதே. குழந்தை இருக்கே. இல்லைன்னாளே."

நான் கதவோடு ஒட்டி நின்றேன்.

"நீங்க அவளுக்கு வேண்டியவங்களா?"

"ஆமா சார்."

வாய் சொல்லிவிட்டது. என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

"அப்ப என் பொண்ணு எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்."

ஹாஸ்டல் பெயர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. என் கை சுவரில் சுவிட்சைத் தேடியது. சுற்று போனதும் விளக்கை அணைப்பதுதானே வேலை? அணைத்தேன்.

அப்படி ஒரு இருட்டு. என் கையே எனக்குத் தெரியவில்லை. பெஞ்சு கிரீச்சென்றது. அவர் எழுந்துவிட்டார். காலடிச் சத்தம் அவசரமில்லாமல் என் பக்கம் வந்தது.

"விளக்கைப் போடும்மா. பொண்ணு எங்க?"

வாய் சும்மா இருந்தால் உண்மை வெளியே வந்துவிடும். அதனால் சத்தமாகக் கும்பிட ஆரம்பித்தேன். "கடவுளே காப்பாத்து, கடவுளே காப்பாத்து" என்று இடைவெளி விடாமல் சொன்னேன்.

"சாவி யார்கிட்ட?"

"கடவுளே காப்பாத்து, என்கிட்டதான் சார், கடவுளே காப்பாத்து."

"கொடு."

"மாட்டேன் சார், கடவுளே காப்பாத்து."

ஒரு கை இருட்டில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று, ஈரமில்லாமல். அப்புறம் அது இறுகியது. எலும்பு ஒன்றோடொன்று உரசுவதுபோல வலித்தது, ஆனால் எந்தச் சத்தமும் இல்லை. அவர் மூச்சுக்கூட மாறவில்லை. அடித்தால் சத்தம் வராது என்று அக்கா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. சத்தத்தை நான்தான் போட வேண்டும். கட்டடமே அதிரும்படி கடவுளைக் கூப்பிட்டேன். இவ்வளவு உரக்க நான் என் வாழ்நாளில் கூப்பிட்டதில்லை.

பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் கொட்டாவி அண்ணன் தடதடவென்று தட்டினார். "தங்கச்சி! இதோ வந்துட்டாங்கம்மா, வந்துட்டாங்க!" அவர் வாசல் காவலரையும் மேனேஜரையும் மற்றொரு வழியாக ஓடச் சொல்லியிருந்தார். புது ஆளின் கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் உள்ளே விழுவதற்கு முன்பே என் மணிக்கட்டை விட்டுவிட்டார் அந்த மனிதர்.

"பாவம், இந்தம்மா இருட்டுல பயந்துட்டாங்க" என்றார்.

மேனேஜர் என்னைத் திட்டினார், அவரிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை சார். மீதியை அடுத்த வாரம் வந்து பாத்துக்கறேன். அவங்களே காட்டட்டும்" என்று சொல்லி, எனக்கு மறுபடியும் கை கூப்பிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் மேனேஜரிடம் மணிக்கட்டைக் காட்டினேன். ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார். பிறகு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் விளம்பரப் பலகையை அவரே கழற்றிக்கொண்டு வந்தார். ஆனால் அது நேரம் கடந்த வேலை.

அந்த மனிதர் அடுத்த வாரம் சொன்னபடியே வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பார், உள்ளே வரமாட்டார். என்னைப் பார்த்தால் கை கூப்புவார். கொட்டாவி அண்ணன் என்னை வீடுவரை கொண்டுவிடுவார். இன்றைக்கும் இருட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் என் மணிக்கட்டு வலிக்கும். இப்போது வந்திருக்கும் கைடு நல்ல பெண். முன்னால் பார்த்துத்தான் நடக்கிறாள். கூட்டத்தை உட்காரவைத்துக் குழந்தையைக் காட்டுகிறாள். 'ஐயோ' என்ற சத்தம் வருகிறது. என்னை யாரும் உட்காரச் சொல்வதில்லை. சொன்னாலும் உட்கார முடியுமா என்று தெரியவில்லை.

அக்காவைக் கடைசியாகப் பார்த்தது, அவர் என் மணிக்கட்டைப் பிடித்த அதே நாள் சாயங்காலம். அதுவரை படங்களைப் பெட்டி கட்டும் அறையில், மரப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் அவர் நின்றால்? கொட்டாவி அண்ணன், அக்கா சொன்ன ஹாஸ்டலுக்குப் போய் மகளைக் கூட்டிவந்து நேரே பஸ் நிலையத்தில் உட்காரவைத்திருந்தார். அன்றைக்கு அவர் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

நான் அக்காவைப் பின்வாசல் சந்து வழியாகக் கூட்டிப்போனேன். கையில் ஒரு பை, அவ்வளவுதான். நாலு அடிக்கு ஒரு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அப்படி நடந்தால் போய்ச் சேர முடியாது. கடைசியில் பழையபடி பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்துவிட்டாள், வந்த வழியைப் பார்த்துக்கொண்டு. சந்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சாக்கடை வந்தால் நான் கனைத்தேன். மேடு வந்தால் கனைத்தேன். அவள் குதிகாலைத் தூக்கித் தூக்கித் தாண்டினாள்.

பஸ் நிலையத்தில் பல ஊர்ப் பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் மகளின் சீருடைப் பாவாடை தெரிந்தது. நான் கூடவே போகப் பார்த்தேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். வீங்கியிருந்த மணிக்கட்டை ஒரு தடவை தடவினாள். பிறகு அங்கிருந்த சிமெண்டு பெஞ்சில் என்னை உட்காரவைத்து, பஸ்களுக்கு முதுகு காட்டும்படி என்னைத் திருப்பினாள்.

"இப்படியே உட்கார்ந்திரு தங்கச்சி. நான் எந்தப் பஸ்ல ஏறறேன்னு பாக்காத. பாத்துட்டா, அவர் கேட்டா சொல்லிடுவ. உனக்குத்தான் பொய்யே வராதே."